ரேணுகாவுக்கு என்ன வேண்டும்?

கேள்வி: வணக்கம் சார். ஏழு வருடம் உதவி இயக்குநராக இருந்துவிட்டு இப்போது என் முதல் படத்துக்குத் தயாரிப்பாளர் கிடைத்திருக்கிறார். கதை விருத்தாசலத்தில் நடக்கிறது. நாயகன் செல்வம், வேன் டிரைவர். கல்யாணச் சமையல் காண்டிராக்ட் எடுக்கும் ரேணுகா என்ற திருநங்கையிடம் வேலை பார்க்கிறான். அவனைச் சோறு போட்டு வளர்த்தவரே ரேணுகாதான். வட்டிக்கு விடும் கும்பல் ஒன்று ரேணுகாவை அவமானப்படுத்தி, இடைவேளையில் கொன்றுவிடுகிறது. இரண்டாம் பாதி செல்வத்தின் பழிவாங்கல்.

தயாரிப்பாளருக்குக் கதை பிடித்திருக்கிறது. ரேணுகா வேடத்துக்கு மார்க்கெட் உள்ள ஓர் ஆண் நடிகரைப் போடலாம், பேசப்படும், அவார்டு வரும் என்கிறார். திருநங்கைதான் நடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சமூக வலைத்தளத்தில் கிழித்துவிடுவார்கள் என்கிறார் ஒரு நண்பர். ஓர் ஆண் இந்தப் பாத்திரத்தை எழுதவே கூடாது, எடுத்துவிடு என்கிறார் இன்னொருவர். எனக்கு நல்ல எண்ணம்தான் சார். என்ன செய்வது? படம் தொடங்கும்போது ‘யார் மனதையும் புண்படுத்த அல்ல’ என்று கார்டு போட்டால் போதுமா? கதைச் சுருக்கத்தையும் ரேணுகா வரும் காட்சிகளையும் அனுப்பியிருக்கிறேன்.

– பெயர் வேண்டாம், சாலிகிராமம்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

காட்சிகளைப் படித்தேன். முதலில் பிடித்ததைச் சொல்லிவிடுகிறேன். ரேணுகாவுக்கு ஒரு தொழில் கொடுத்திருக்கிறீர்கள். முகூர்த்த நாள் பார்த்து அட்வான்ஸ் வாங்குவது, பாத்திர வாடகை, விடியுமுன் அடுப்பு மூட்டுவது என்று அந்த உலகம் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம் படங்களில் திருநங்கை என்றால் சிக்னலில் கை நீட்டுபவர், இல்லாவிட்டால் இருட்டில் நிற்பவர். திருநங்கைகள் சமையல் வேலை எடுத்துச் செய்வது கோவைப் பக்கம் யாருக்கும் புதிய செய்தி இல்லை, திரையில்தான் புதிது. இதை மட்டும் யார் சொன்னாலும் மாற்றாதீர்கள்.

இனி பிடிக்காதது. நீங்கள், தயாரிப்பாளர், நண்பர்கள் எல்லோரும் யார் நடிப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். கோளாறு அதற்கு முன்பே இருக்கிறது. ரேணுகா வரும் காட்சிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். சோறு போடுகிறார். திட்டுகிறார், உடனே அணைத்துக்கொள்கிறார். மண்டபத்தில் அவமானப்படுகிறார். கண்ணாடி முன் நின்று பழசை நினைத்து அழுகிறார். கூவாகத்தில் தாலி அறுக்கிறார். செல்வத்தின் காதலைச் சேர்த்துவைக்கிறார். செத்துப்போகிறார். இத்தனையிலும் அவர் தனக்கென்று எதையாவது ஆசைப்படுகிற காட்சி ஒன்று உண்டா? தேடினேன், இல்லை. அவருக்குப் பதிலாகச் செல்வத்தின் அம்மாவை வையுங்கள், அக்காவை வையுங்கள், ஏன், அவன் வளர்த்த நாயைக்கூட வையுங்கள். இடைவேளைக் கொலை அப்படியே நிற்கும். செல்வம் அதே அரிவாளைத்தான் எடுப்பான்.

கோபப்படாதீர்கள். திரைக்கதை படித்துக் கருத்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்ட பாத்திரங்களில்தான் இந்தக் குறையை அதிகம் பார்க்கிறேன். கெட்ட எண்ணத்தோடு எழுதுபவனுக்காவது அந்த வில்லி என்ன செய்யப் போகிறாள் என்ற யோசனை இருக்கும். பரிவோடு எழுதுபவர், பரிதாபம் வந்ததும் பேனாவை மூடிவிடுகிறார்.

அமெரிக்காவில் கிளாட் என்ற அமைப்பு 2013-இல் ஒரு சோதனையை அறிமுகப்படுத்தியது. விட்டோ ரூஸோ என்ற திரைப்பட வரலாற்றாளரின் பெயரில். படத்தில் பால்புதுமையினர் (தன்பாலின ஈர்ப்புள்ளவர், திருநர் போன்றோர்) ஒருவர் இருக்க வேண்டும், அந்த அடையாளம் மட்டுமே அவருடைய குணமாக இருக்கக் கூடாது, அவரை எடுத்துவிட்டால் கதை பாதிக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். உங்கள் ரேணுகா இதில் தேறிவிடுவார். சமையல்காரர், பாசக்காரர், கொலை நடக்காவிட்டால் கதையே இல்லை. அதனால்தான் இந்த மாதிரிச் சோதனைகளை நான் பெரிதாக நம்புவதில்லை. படங்களை மொத்தமாக எண்ணிப் பார்க்க அவை உதவும். தனி ஒரு பாத்திரம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, அதற்கு என்ன வேண்டும் என்று கேட்பதுதான் வழி.

நீங்கள் எந்த வரிசையில் போய் நிற்கிறீர்கள் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2000-இல் வந்த ‘அப்பு’வில் பிரகாஷ்ராஜ் நடித்த மகாராணி, பாலியல் விடுதி நடத்தும் வில்லி, இந்தி ‘சடக்’கில் சதாசிவ் அம்ராபுர்கர் செய்த வேடத்தின் தமிழ் வடிவம். 2011-இல் ‘காஞ்சனா’. சரத்குமார் நடித்த அந்தப் பாத்திரம் கொல்லப்பட்டு, பேயாக வந்து பழி வாங்குகிறது. அந்தப் படத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் ஒரு திருநங்கையின் பக்கம் நின்று கைதட்டினார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்தக் கைதட்டலுக்கு அவர் முதலில் சாக வேண்டியிருந்தது. 2020-இல் ‘பாவக் கதைகள்’ தொகுப்பில் சுதா கொங்கரா இயக்கிய ‘தங்கம்’. காளிதாஸ் ஜெயராம் நடித்த சத்தார், தான் நேசித்தவனையும் தன் தங்கையையும் சேர்த்துவைத்துவிட்டுச் சாகிறார். உங்கள் ரேணுகாவும் செல்வத்தின் காதலைச் சேர்த்துவைத்துவிட்டுத்தான் சாகிறார், கவனித்தீர்களா? பேயாகவும் தியாகியாகவும் ஆவதற்கு முதல் தகுதி சாவதுதான் போலிருக்கிறது.

வேறு மாதிரியும் எழுதியிருக்கிறார்கள். 2017-இல் வந்த ‘அருவி’யில் எமிலி என்ற திருநங்கைப் பாத்திரம், திருநங்கையான அஞ்சலி வரதன் நடித்தது. எமிலி, நாயகி அருவியின் தோழி. அவ்வளவுதான். அருவி டிவி நிலையத்தில் போய்ப் பொங்கும்போது எமிலியும் பக்கத்தில் இருக்கிறார். ராமின் ‘பேரன்பு’ 2019-இல் திரைக்கு வந்தது. அதில் திருநங்கையான அஞ்சலி அமீர் நடித்த திருநங்கை மீரா, கடைசியில் மம்மூட்டிக்கும் அவர் மகள் பாப்பாவுக்கும் குடும்பமாகிறார். யாரும் யாருக்காகவும் உயிரை விடவில்லை. மூன்று பேர் சேர்ந்து வாழத் தொடங்குகிறார்கள். சம்யுக்தா விஜயன் எழுதி, இயக்கி, நடித்த ‘நீல நிறச் சூரியன்’ 2024-இல் தியேட்டருக்கு வந்தது. ஒரு பள்ளி ஆசிரியர் பெண்ணாக வாழத் தொடங்குகிறார். வேலைக்கும் போக வேண்டும். அவருடைய சிக்கல்கள் ஸ்டாஃப் ரூமிலும் வகுப்பறையிலும் இருக்கின்றன, கொலைக்களத்தில் இல்லை. திருநங்கை ஒருவரே எழுதி இயக்கினால் கதையின் சிக்கல் எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பதற்காகவே நீங்கள் அதைப் பார்க்க வேண்டும்.

‘சூப்பர் டீலக்ஸ்’ நடுவில் நிற்கிறது. வீட்டைவிட்டுப் போய்ப் பல வருடம் கழித்துத் திருநங்கையாகத் திரும்பும் அப்பா ஷில்பா, விஜய் சேதுபதி நடித்தது. ஷில்பாவுக்கும் மகன் ராசுக்குட்டிக்கும் இடையில் நடப்பவை தமிழில் அபூர்வமான காட்சிகள். அந்தப் பையனுக்கு அப்பா வந்துவிட்டார், அது போதும். அதே படத்தில், மும்பையில் குழந்தைகளைக் கடத்தியதில் தனக்குப் பங்கு உண்டு என்று ஷில்பா ஓர் இடத்தில் சொல்கிறார். திருநங்கைகள் மேல் ஊர் காலங்காலமாகச் சுமத்துகிற பழி அது. அவர்களில் பலர் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கதைக்கு அந்த வசனம் தேவைப்படவும் இல்லை என்பது என் கருத்து. எழுதி முடித்ததும் திருநங்கை ஒருவர் படித்திருந்தால் அந்த வரியில் விரல் வைத்திருப்பார். இதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

சரி, ரேணுகாவை என்ன செய்யலாம்? இது உங்கள் கதை, நான் சும்மா ஓர் உதாரணத்துக்குச் சொல்கிறேன். ரேணுகாவுக்கு ஊரிலேயே பெரிய மண்டபத்தின் நிரந்தரச் சமையல் காண்டிராக்ட் வேண்டும். வருடம் முழுக்க வேலை, யாரிடமும் போய் நிற்க வேண்டாம். அதற்கு டெபாசிட் கட்ட வேண்டும், அதற்காகத்தான் வட்டிக்கு வாங்குகிறார். இப்போது வட்டிக் கும்பலோடு அவருக்கு இருப்பது வெறும் அவமானம் இல்லை, கணக்கு. அவரைக் கொஞ்சம் கஞ்சராக்குங்கள். செல்வத்துக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்திருக்கட்டும். பாசமும் பாக்கியும் சேர்ந்து இருந்தால்தான் முதலாளி. செல்வம் கோபித்துக்கொண்டு வேறு காண்டிராக்டரிடம் போகட்டும். இருவருக்கும் நடுவில் ஒரு சண்டை வந்தால், முதல் பாதியில் நீங்கள் திணித்திருக்கும் இரண்டு குத்துப்பாட்டுக்கு அவசியமே இருக்காது.

இடைவேளையில் கொல்லாதீர்கள். கும்பல் வந்து அண்டா, குண்டா, அடுப்பு எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போகட்டும். சமையல்காரருக்குப் பாத்திரம் போவது என்றால் என்ன என்று அந்தத் தொழில் தெரிந்தவர்களைக் கேளுங்கள். இரண்டாம் பாதியில் அரிவாளைச் செல்வத்திடம் கொடுப்பதற்குப் பதில் கரண்டியை ரேணுகாவிடமே விடுங்கள். வட்டிக்காரர் வீட்டுக் கல்யாணம் வருகிறது. ஊரில் வேறு ஆள் கிடைக்காமல் ரேணுகாவிடமே வேலை வருகிறது. முகூர்த்த நேரத்தில் ஊரே பந்திக்கு உட்கார்ந்திருக்க, உள்ளே அடுப்பு எரியவில்லை என்றால் அந்த மனிதருக்கு வெட்டுப்படுவதைவிடப் பெரிய சாவு அது. அப்போது பேரம் பேசுவது யார்? ரேணுகா. செல்வம் வாசலில் வேனோடு நிற்கட்டும், அவனுக்கும் சண்டைக் காட்சி கிடைக்கும். தயாரிப்பாளருக்கு ஒரு ஃபைட் குறைந்தால் வயிறு எரியும் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு காட்சிகளைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டலாம். ஒன்று, கண்ணாடி. புடவையை மேலே போட்டுப் பார்த்து, முகத்தைத் தடவி, கண்ணீர். தமிழ், இந்தி, ஹாலிவுட் என்று எல்லோரும் எடுத்துவிட்டார்கள். ரேணுகா சமையலறையில் புகுந்து இருபது வருடம் ஆகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் கண்ணாடியைப் பார்ப்பது பொட்டு நேராக இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

இன்னொன்று, கூவாகம். விருத்தாசலத்துக்காரர் கூவாகத்துக்குப் போவார்தான், தூரமும் அதிகமில்லை. ஆனால் சித்திரைத் திருவிழாவுக்கு அவர் போவது அழுவதற்கு மட்டுமா? பழைய தோழிகளைப் பார்ப்பார். கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்பார். ஜமாத்தில், அதாவது திருநங்கைகள் குடும்பமாகச் சேர்ந்து வாழும் குழுவில், அவர் தத்தெடுத்த மகள் ஒருத்தி இருப்பாள், அவளோடு சண்டை இருக்கும். தாலி அறுக்கும் அந்த ஒரு விடியற்காலையைத்தான் ஊர் உலகத்துக் கேமராக்கள் எல்லாம் வருடா வருடம் எடுத்துக்கொண்டு போகின்றன. முந்தின நாள் மாலையை எடுக்க யாரும் வருவதில்லை. வைக்கத்தான் வேண்டும் என்றால் அதை வையுங்கள்.

நீங்கள் எழுதலாமா என்பதற்கு வருகிறேன். எழுதலாம். ஆண் பெண்ணை எழுதக் கூடாது, நகரத்துக்காரர் கிராமத்தை எழுதக் கூடாது என்று ஆரம்பித்தால் எல்லோரும் தன் வரலாறு மட்டும்தான் எழுத வேண்டிவரும். ஆனால் தெரியாததைத் தெரிந்துகொள்ளும் உழைப்பும் செலவும் உங்களுடையது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் காதலித்து, வீட்டுக்குப் பயந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பு எழுதுவதற்கு முன், இந்த விஷயத்தில் தனக்கே தெளிவு வேண்டும் என்று ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து பேசினார், அதை வெளிப்படையாகவும் சொன்னார். பிறகுதான் காவல்துறைக்கும் மற்றவர்களுக்குமான வழிகாட்டுதல்கள் வந்தன. ஒரு நீதிபதிக்கு அது கௌரவக் குறைச்சல் இல்லை என்றால் முதல் பட இயக்குநருக்கு என்ன வந்தது?

ஆனால் நம் ஊரில் ‘ரிசர்ச்’ என்றால் என்ன நடக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். நாலு பேர் ஜமாத் வீட்டுக்குப் போவது, டீ குடிப்பது, ஆபரேஷன் எப்போது செய்தீர்கள், வீட்டில் எப்போது துரத்தினார்கள் என்று கேட்பது, செல்போனில் பதிவு செய்துகொண்டு கிளம்புவது. அப்புறம் அந்த அம்மாவின் வாழ்க்கையில் நடந்தது, படத்தில் வேறு யாரோ எழுதிய வசனமாக வருகிறது. இப்படிச் செய்யாதீர்கள். திரைக்கதை படித்துக் கருத்துச் சொல்லத் தெரிந்த திருநங்கை ஒருவரை ஆலோசகராக எடுங்கள். சம்பளம் பேசுங்கள், எழுத்தில் போடுங்கள், டைட்டிலில் பெயர் போடுங்கள். முதல் வரைவிலும் படப்பிடிப்புக்கு முந்தைய கடைசி வரைவிலும் அவர் படிக்கட்டும். முடிந்தால் உதவி இயக்குநராகவே ஒருவரைச் சேருங்கள். திருநங்கை எழுத்தாளர் லிவிங் ஸ்மைல் வித்யா ‘நந்தலாலா’வில் மிஷ்கினிடம் உதவி இயக்குநராக வேலை பார்த்தார், அந்தப் படம் வந்தது 2010-இல். ஆகவே ஆள் கிடைக்கவில்லை என்ற சாக்கு செல்லாது.

ஆலோசனைக்கு வந்தவரே நடிகரான கதையும் உண்டு. சிலி நாட்டு இயக்குநர் செபஸ்தியான் லெலியோ, டேனியலா வேகா என்ற திருநங்கையை முதலில் ஆலோசகராகத்தான் அழைத்தார். பேசிப் பேசிக் கடைசியில் அவரே நாயகி. ‘எ ஃபென்டாஸ்டிக் உமன்’ என்ற அந்தப் படம் 2018-இல் சிறந்த வெளிநாட்டு மொழிப் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது.

இதோ, யார் நடிப்பது என்ற இடத்துக்கு வந்துவிட்டோம். என் பதில், திருநங்கை ஒருவர் நடிக்கட்டும் என்பதே. வலைத்தளத்தில் கிழிப்பார்கள் என்ற பயத்துக்காக இல்லை. அந்தப் பயத்தில் எடுக்கிற முடிவு படப்பிடிப்பின் பாதியிலேயே இளகிவிடும்.

தயாரிப்பாளர் அவார்டு வரும் என்று சொன்னது பொய் இல்லை. ‘சடக்’ மகாராணிக்காக அம்ராபுர்கருக்கு ஃபிலிம்ஃபேர் வில்லன் விருது கிடைத்தது. லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாற்றிலிருந்து எடுத்த கன்னடப் படமான ‘நானு அவனல்ல அவளு’வில் நடித்த சஞ்சாரி விஜய் சிறந்த நடிகருக்கான தேசிய விருது பெற்றார். ஷில்பாவுக்காக விஜய் சேதுபதிக்குச் சிறந்த துணை நடிகர் தேசிய விருது. மூவரும் நல்ல நடிகர்கள், உழைத்திருக்கிறார்கள். ஆனால் வரிசையைப் பாருங்கள். வாழ்க்கை ஒருத்தருடையது, கைதட்டல் இன்னொருத்தருக்கு. நடித்து முடித்ததும் அவர்கள் அடுத்த படத்தில் போலீஸாக, விவசாயியாக, காதலனாக வந்துவிடலாம். நேகா நினைவுக்கு வருகிறார். தமிழ்நாட்டுத் திருநங்கையான அவர் ‘அந்தரம்’ மலையாளப் படத்தில் நடித்ததற்காக 2022-இல் கேரள மாநிலத் திரைப்பட விருதில் சிறப்புப் பிரிவில் கௌரவிக்கப்பட்டார். நம் பெண்ணைப் பாராட்ட பாலக்காடு தாண்ட வேண்டியிருந்தது.

உடனே ஒரு கேள்வி வரும், உங்கள் தயாரிப்பாளரே கேட்பார்: போலீஸ் வேடத்துக்குப் போலீஸ்காரரையா கூப்பிடுகிறோம், நடிப்பு என்றால் மற்றவராக மாறுவதுதானே? சரியான கேள்வி. போலீஸ்காரர் என்பதற்காக ஒருவரை ஆடிஷன் வாசலில் யாரும் திருப்பி அனுப்புவதில்லை. திருநங்கை நடிகையை அம்மா வேடத்துக்கோ வக்கீல் வேடத்துக்கோ பக்கத்து வீட்டு மாமி வேடத்துக்கோ அழைக்கிறோமா? அழைக்கிற நாள் வரட்டும், அப்போது யார் வேண்டுமானாலும் ரேணுகாவாக நடிக்கட்டும், நான் வாய் திறக்க மாட்டேன். இப்போது கதவு ஒரு பக்கம்தான் திறக்கிறது. ‘த டேனிஷ் கேர்ள்’ படத்தில் திருநங்கையாக நடித்து ஆஸ்கர் பரிந்துரை வரை போன எடி ரெட்மெய்ன், இப்போது கேட்டால் அந்த வேடத்தை ஏற்க மாட்டேன் என்று 2021-இல் சொன்னதும் இதை யோசித்துத்தான்.

கலை சார்ந்த காரணமும் ஒன்று உண்டு. தெரிந்த ஆண் நடிகர் புடவை கட்டி வந்தால், படம் முழுக்க ஜனங்கள் அவர் எப்படி நடக்கிறார், குரலை எப்படி மாற்றியிருக்கிறார் என்றே பார்ப்பார்கள். போஸ்டரே ‘யாரும் பார்த்திராத தோற்றம்’ என்று கத்தும். ரேணுகா காணாமல் போய்விடுவார்.

ஆனால் திருநங்கையை நடிக்கவைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்காதீர்கள். 2015-இல் வந்த ‘ஐ’ படத்தில் ஒப்பனைக் கலைஞர் வேடத்தில் நடித்த ஓஜஸ் ரஜானி, நிஜத்திலும் திருநங்கை, நிஜத்திலும் ஒப்பனைக் கலைஞர். அந்தப் பாத்திரத்தை நாயகன் அருவருப்போடு விலக்குவதும் கிண்டல் செய்வதுமாக எழுதப்பட்டிருந்ததால் சென்னையில் திருநங்கைகள் போராட்டமே நடத்தினார்கள். ஆள் சரி, எழுத்து தப்பு. முதலில் எழுத்தைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியதற்கு அதுதான் காரணம்.

தயாரிப்பாளரிடம் எப்படிப் பேசுவது? கொள்கை பேசாதீர்கள், வியாபாரம் பேசுங்கள். அவர் பணம் போடுகிறார், சாட்டிலைட், ஓடிடி என்று கணக்குப் பார்ப்பது அவர் வேலை. மார்க்கெட் உள்ள நடிகரைச் செல்வம் வேடத்துக்குக் கேளுங்கள். ‘பேரன்பு’ அப்படித்தான் நின்றது: மம்மூட்டி பெயரில் வியாபாரம், அவருக்கு ஜோடியாக அஞ்சலி அமீர். புதிய ரேணுகா பேரம் பேசுகிறவர், முதலாளி, கஞ்சர். ஒரு நட்சத்திர நடிகருக்கு எதிரில் நின்று விளையாடக்கூடிய வேடம். அதைப் படித்தால் செல்வமாக நடிப்பவருக்கே ஆசை வரும். அவர் ரேணுகா வேடத்தைக் கேட்டால்? நல்ல திரைக்கதை எழுதியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். வேடத்தைக் கொடுக்காதீர்கள்.

ஆடிஷனை மட்டும் ஒழுங்காக நடத்துங்கள். ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் ஏஜென்டிடம் சொன்னால், கூட்டத்தில் கைதட்ட ஆள் அனுப்புவது போலத்தான் அனுப்புவார். நாடகக் குழுக்களில் தேடுங்கள், நேரம் கொடுங்கள், ஒரு மாதமாவது வொர்க்‌ஷாப் வையுங்கள். அனுபவம் இல்லை என்று சொல்லித் தள்ளிவிடாதீர்கள். வேலை கொடுக்காமல் அனுபவம் எங்கிருந்து வரும்?

டப்பிங்கைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். இங்கே கதாநாயகிக்கே வேறு ஆள் குரல் கொடுப்பது பழக்கம். எடிட்டிங் முடிந்ததும் யாராவது ஒருவர், குரல் கொஞ்சம் கட்டையாக இருக்கிறதே, மாற்றிவிடலாமா என்பார். இன்னொருவர், குரல் மெல்லியதாக இருக்கிறது, திருநங்கை என்று தெரியவில்லையே என்பார். இரண்டுக்கும் முடியாது என்று இப்போதே ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். ரேணுகாவின் குரல் நடித்தவருடைய குரல்தான். லைவ் சவுண்டில் எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது, மண்டபச் சமையலறையின் சத்தமும் உங்களுக்குக் கிடைக்கும்.

செட்டில் கேரவன், கழிப்பறை, உடை மாற்றும் இடம் மூன்றையும் முதல் நாளுக்கு முன்பே அவரிடமே கேட்டு ஏற்பாடு செய்யுங்கள். லைட்மேன் முதல் மானேஜர் வரை அவரை எப்படி அழைக்க வேண்டும் என்பதை நீங்கள் முதல் நாள் காலையில் எப்படி அழைக்கிறீர்களோ அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்வார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். செல்வத்தின் காதலியைப் பற்றி ஸ்கிரிப்டில் நீங்கள் எழுதியிருக்கும் அறிமுகம், ‘நல்ல சிவப்பு, லட்சணமான முகம்’. விருத்தாசலத்தில் முந்திரிக் காட்டில் வேலை செய்யும் பெண் என்றும் அதே பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். இது எங்கே போய் முடியும் தெரியுமா? வெளியூரிலிருந்து வெள்ளை வெளேரென்று ஒருவரை அழைத்துவந்து, நிறம் குறைக்கிற மேக்கப் போட்டு முந்திரிக் காட்டில் நிறுத்துவார்கள். ரேணுகாவுக்காக இவ்வளவு யோசிக்கிற நீங்கள் அந்தப் பெண்ணுக்காக ஒரு வரி யோசித்திருக்கலாம். ‘சிவப்பு’ என்பதை அடித்துவிட்டு, அவள் என்ன வேலை செய்கிறாள், எதற்குச் சிரிப்பாள் என்று எழுதுங்கள்.

கார்டு வேண்டாம். ‘யார் மனதையும் புண்படுத்த அல்ல’ என்று போட்டுவிட்டுப் புண்படுத்திய படங்களைத்தான் ஜனங்கள் பார்த்துப் பழகியிருக்கிறார்கள். அதைப் பார்த்ததுமே ஏதோ வரப்போகிறது என்று நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த நேரத்தில் ஆலோசகர்களின் பெயரை, அவர்கள் சம்மதத்தோடு, தனி டைட்டிலாகப் போடுங்கள்.

இரண்டாம் பாதியைத் திருத்தியதும் அனுப்புங்கள், படிக்கிறேன். அதுவரை நடிகர் தேதி விஷயமாகத் தயாரிப்பாளரிடம் எதற்கும் தலையாட்டாதீர்கள்.